சிகரெட்டிலிருந்து வேப்புக்கு: மாறினால் இருதயம் தப்புமா?



கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு நமது வாலிபர் ஐக்கியத்தில் உடல்நலம் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். நான் லண்டனில் ஒரு மருந்தகத்தில் வேலை செய்கிறவள். நீரிழிவு, இரத்த அழுத்தம், கொழுப்பு என்று வழக்கமான விஷயங்களை ஆயத்தம் பண்ணிக்கொண்டு போனேன். கூட்டம் தொடங்குமுன் ஒரு பிஸ்கட் டின்னைச் சுற்றி அனுப்பி, பெயர் எழுதாமல் கேள்விகளைத் துண்டுக் காகிதத்தில் எழுதிப் போடச் சொன்னேன். திறந்து பார்த்தால் 18 துண்டுகள். அவற்றில் 11 வேப் பற்றியவை. நான் ஆயத்தம் பண்ணியதை மூடி வைத்துவிட்டேன்.

அந்த 11 துண்டுகளையும் மூன்று கேள்விகளுக்குள் அடக்கிவிடலாம். அரைவாசி ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை இங்கே தமிழில் தருகிறேன்.

முதல் துண்டு: “அப்பா சிகரெட்டை விட்டு ஒரு வருஷமா வேப் இழுக்கிறார். அவருடைய ஹார்ட் இப்ப ஓகேயா?”

இரண்டாவது, ஒரு பெரியவரின் கையெழுத்து: “முந்தி ஒரு நாளைக்கு 15. இப்ப வேப்தான். சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் ஒண்டு, ரெண்டு சிகரெட். அது பரவாயில்லையா?”

மூன்றாவது: “நான் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. வேப் மட்டும்தான். அது சிகரெட்டை விடப் பாதுகாப்பு எண்டு என்.எச்.எஸ்.ஸே சொல்லுது. பிறகென்ன பிரச்சினை?”

மூவரும் கேட்பது ஒரே கருவியைப் பற்றித்தான். ஆனால் மூவருக்கும் என் பதில் ஒன்றல்ல. அன்று ஒரு மணிநேரத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

புகை இருதயத்துக்கு என்ன செய்கிறது?

சிகரெட் என்றதும் நமக்கு நுரையீரலும் புற்றுநோயும்தான் நினைவுக்கு வரும். ஆனால் புகை நுரையீரலோடு நிற்பதில்லை. சில வினாடிகளில் அது இரத்தத்தில் கலந்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒவ்வொரு இரத்தக் குழாயையும் தொடுகிறது.

புகையில் 7000க்கு மேற்பட்ட இரசாயனங்கள் உண்டு. அவற்றில் ஒன்று காபன் மொனொக்சைட். வீட்டில் பொய்லருக்குப் பக்கத்தில் அலாரம் பூட்டி வைத்திருக்கிறோமே, அது எந்த நச்சு வாயுவுக்குப் பயந்தோ, அதே வாயுதான். அது இரத்தத்தில் ஒட்சிசன் இருக்கவேண்டிய இடத்தில், ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அதனால் இருதயம் குறைந்த ஒட்சிசனோடு கூடுதலாக வேலை செய்யவேண்டி வருகிறது.

இரண்டாவது, இரத்தக் குழாயின் உட்சுவர். மெல்லிய பட்டுத் துணிபோல ஒரு படலம் அங்கே இருக்கிறது. தேவைக்கு ஏற்ப குழாய் விரிவதும் சுருங்குவதும் அந்தப் படலத்தின் பொறுப்பு. புகை அதைப் புண்ணாக்குகிறது. புண்பட்ட இடத்தில் கொழுப்புப் படியத் தொடங்குகிறது.

மூன்றாவது, இரத்தத்தை உறையவைக்கும் சிறு தட்டுகள். புகை அவற்றை ஒன்றோடொன்று எளிதில் ஒட்டிக்கொள்ளச் செய்கிறது. கொழுப்புப் படிந்து ஒடுங்கிய குழாயில் ஒரு சிறு கட்டி உறைந்து அடைத்தால், அதுதான் மாரடைப்பு.

இவற்றோடு நிக்கோட்டின் இருக்கிறது. அது இருதயத் துடிப்பைக் கூட்டும், இரத்த அழுத்தத்தை ஏற்றும், குழாய்களைச் சுருக்கும். மனிதரை அடிமையாக்குவதும் அதுதான். ஆனால் சிகரெட்டால் வரும் பெரும் சேதம் நிக்கோட்டினால் அல்ல, எரிவதால் வருகிறது.

வேப்பில் எதுவும் எரிவதில்லை. பற்றரி ஒரு சிறு கம்பிச் சுருளைச் சூடாக்க, அந்தச் சூட்டில் ஒரு திரவம் நுண்துளிகளாக மாறி வெளிவருகிறது. கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கோல், வாசனைப் பொருட்கள், பெரும்பாலும் நிக்கோட்டின் ஆகியவைதான் அந்தத் திரவம். எரியாததால் தாரும் இல்லை. காபன் மொனொக்சைட்டும் இல்லையென்றே சொல்லலாம். ஆனால் பலர் சொல்வதுபோல் அது “வெறும் தண்ணி ஆவி” அல்ல. நிக்கோட்டினும், வாசனைப் பொருட்கள் சூடாகும்போது உண்டாகும் வேறு இரசாயனங்களும் அதில் இருக்கின்றன.

முதல் துண்டுக்குப் பதில்: ஆம், முன்னேற்றம் உண்டு

ஸ்கொட்லாந்தில் டண்டீ பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு நடந்தது; முடிவுகள் 2019 நவம்பரில் வெளிவந்தன. பிரித்தானிய இருதய அறக்கட்டளை அதற்குப் பண உதவி செய்தது. நாளொன்றுக்கு 15 சிகரெட்டாவது, குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது புகைத்துவந்த 114 பேர் அதில் பங்குபெற்றார்கள். அவர்களுக்கு இருதய நோய் எதுவும் இருக்கவில்லை. புகைப்பதை விட விரும்பாத 40 பேர் சிகரெட்டிலேயே தொடர்ந்தார்கள். 37 பேர் நிக்கோட்டின் உள்ள வேப்புக்கும், 37 பேர் நிக்கோட்டின் இல்லாத வேப்புக்கும் மாறினார்கள்.

ஒரு மாதம் கழித்து அவர்களுடைய இரத்தக் குழாய்களைச் சோதித்தார்கள். சோதனை எளிது. கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டியை இறுக்கி, சில நிமிடம் இரத்த ஓட்டத்தைத் தடுத்து, பிறகு தளர்த்துவார்கள். திரும்ப ஓடிவரும் இரத்தத்துக்கு இடம்விட்டு நல்ல குழாய் விரிந்து கொடுக்கும். எத்தனை சதவீதம் விரிகிறது என்பதை அல்ட்ராசவுண்டில் அளப்பார்கள். புகைக்காத ஆரோக்கியமானவருக்குச் சராசரியாக 7.7 சதவீதம் விரியும். நிக்கோட்டின் வேப்புக்கு மாறியவர்களுக்குத் தொடக்கத்தில் 5.5 ஆக இருந்தது, ஒரே மாதத்தில் 6.7 ஆக உயர்ந்தது. அதாவது ஆரோக்கியமானவரின் நிலையை நோக்கிப் பாதி வழி. நிக்கோட்டின் இல்லாத வேப்புக்கு மாறியவர்களுக்கும் முன்னேற்றம் இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு நன்மை கூடுதலாகத் தெரிந்தது.

ஆகவே தம்பி, தங்கச்சி, அந்தத் துண்டை எழுதியது யாராக இருந்தாலும், உங்கள் அப்பா செய்தது நல்ல காரியம். அதை அவரிடம் சொல்லுங்கள். சிகரெட்டை விடுவது எவ்வளவு கடினம் என்று புகைத்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் “பாதி வழி” என்று எழுதினேன். மீதிப் பாதி எங்கே? அதற்கு தென்கொரியாவின் ஒரு பெரிய ஆய்வு விடை தருகிறது. அங்கே 50 லட்சத்துக்கும் அதிகமான ஆண்களின் தேசிய மருத்துவப் பரிசோதனைப் பதிவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள். சிகரெட்டை விட்டு வேப் போன்ற எரியாத பொருட்களுக்கு மாறியவர்களுக்கு, தொடர்ந்து புகைத்தவர்களைவிட இருதய, இரத்தக் குழாய் நோய் ஆபத்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. சிகரெட்டையும் விட்டு, வேறு எதையும் எடுக்காதவர்களுக்கோ மூன்றில் ஒரு பங்கு குறைவு. சிகரெட்டை விட்ட இந்த இரண்டு கூட்டத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால், எரியாத பொருளைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஆபத்து 31 சதவீதம் அதிகம்.

எனவே உங்கள் அப்பா பாலத்தில் ஏறிவிட்டார். பாலம் ஆற்றைக் கடப்பதற்கு. அதிலேயே வீடு கட்டிக் குடியிருப்பதற்கு அல்ல.

குடியிருந்துவிடுகிற ஆபத்து உண்மையானது. இங்கிலாந்தின் என்.எச்.எஸ். புகைநிறுத்தச் சேவைகளுக்கு வந்த 886 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்றும் 2019இல் வெளிவந்தது. ஒரு வருடத்தின் பின் வேப் குழுவில் 18 சதவீதம் பேர் சிகரெட்டை விட்டிருந்தார்கள். நிக்கோட்டின் பட்டி, சுவிங்கம் போன்றவற்றைப் பாவித்த குழுவில் விட்டவர்கள் 9.9 சதவீதமே. சிகரெட்டை விட வேப் நன்றாகவே உதவுகிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் விட்டவர்களில், வேப் குழுவினரில் 80 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்குப் பிறகும் வேப் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மற்றக் குழுவில் தமக்குத் தந்த பட்டியையோ சுவிங்கத்தையோ இன்னும் பாவித்தவர்கள் 9 சதவீதம்தான்.

இரண்டாவது துண்டுக்குப் பதில்: “ஒண்டு, ரெண்டு” என்பது சிறிதல்ல

இந்தத் துண்டைத்தான் நான் வீட்டுக்குக் கொண்டுவந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் அப்பா 2009ஆம் ஆண்டு பனிக்காலத்தில் மாரடைப்பால் காலமானார். வயது 57. ஒரு காலத்தில் நாளுக்கு ஒரு பெட்டி பத்தினவர். கடைசி நான்கு வருடம் நாளுக்கு மூன்றே மூன்று. “குறைச்சுப்போட்டன்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எங்கள் வீட்டில் அது பெரிய வெற்றி. அம்மா சபையில் அதைச் சாட்சியாகக்கூடச் சொன்னார். நான் அப்போது மருந்தாளர் படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அது போதும் என்றுதான் தோன்றியது. அந்த மூன்றையும் விடச் சொல்லி நான் ஒருநாளும் அவரிடம் கேட்கவில்லை.

20 சிகரெட் ஒன்றாகக் குறைந்தால் ஆபத்தும் இருபதில் ஒரு பங்காகக் குறையும் என்று நாம் கணக்குப் போடுகிறோம். இருதயத்தின் கணக்கு அப்படி இல்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 141 ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்து 2018இல் வெளியிட்ட முடிவு இது: நாளுக்கு 20 சிகரெட் புகைப்பவருக்கு இருதய நோய் ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, அதில் ஏறக்குறைய பாதி, நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் புகைப்பவருக்கும் கூடுகிறது. இரத்தக் குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கவும், இரத்தத் தட்டுகளை ஒட்டவைக்கவும் சிறிதளவு புகையே போதும்.

ஆகவே பகல் முழுவதும் வேப், சாப்பாட்டுக்குப் பின் சிகரெட் என்று இரண்டையும் வைத்திருப்பவர், தாம் நினைக்கிற நன்மையைப் பெறுவதில்லை. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்விலும், இரண்டையும் பாவித்தவர்களுக்கு இருதய ஆபத்தில் சிகரெட் மட்டும் புகைத்தவர்களோடு ஒப்பிட்டால் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. டண்டீ ஆய்விலும் அதிக நன்மை பெற்றவர்கள், சிகரெட்டை முற்றாக ஒதுக்கி வைத்தவர்களே.

அண்ணா, அந்தத் துண்டை எழுதியவர் நீங்கள்தான் என்று எனக்குத் தெரியவில்லை, தெரியவும் வேண்டாம். ஆனால் நீங்கள் 15இல் 13ஐ விட்டவர். அது சின்ன விஷயமல்ல. மீதி இரண்டில்தான் உங்கள் இருதயத்தின் பெரும் பங்கு நன்மை காத்திருக்கிறது. நான் அப்பாவிடம் சொல்லத் தவறியதை உங்களிடம் சொல்கிறேன்: அந்த இரண்டையும் விடுங்கள்.

நமக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவுகள்படி, இலங்கை, இந்தியா உள்ளிட்ட தெற்காசிய நாட்டவருக்கு முதல் மாரடைப்பு வரும் நடு வயது 53. மற்ற நாட்டவருக்கு ஏறக்குறைய 59. நீரிழிவும் கொழுப்பும் நம் குடும்பங்களில் சொல்லாமலே வந்து சேர்கின்றன. அவற்றோடு ஒரு சிகரெட்டும் சேரவேண்டியதில்லை.

மூன்றாவது துண்டுக்குப் பதில்: எதைவிடப் பாதுகாப்பு?

“சிகரெட்டைவிட வேப் ஆபத்துக் குறைவு” என்று என்.எச்.எஸ். சொல்வது உண்மை. ஆனால் அந்த வசனம் புகைப்பவரைப் பார்த்துச் சொல்லப்பட்டது. புகைக்காதவர்களும் பிள்ளைகளும் வேப்பைத் தொடவே கூடாது என்று அதே என்.எச்.எஸ். அடுத்த வசனத்தில் சொல்கிறது. அதை நாம் வசதியாக விட்டுவிடுகிறோம்.

கிணற்றுக்குள் விழுந்தவர் ஏறிவர ஓர் ஏணி வைக்கிறார்கள். மேலே நிற்கிற ஒருவர், “ஏணி நல்லதுதானே” என்று அதில் இறங்கத் தொடங்கினால்? ஏணி ஒன்றுதான், போகிற திசைதான் வேறு.

சிகரெட்டே புகைக்காதவரின் இரத்தக் குழாய்களுக்கு வேப்பால் திருந்த எதுவும் இல்லை. நிக்கோட்டின் வேப்பை இழுத்த சில நிமிடங்களில் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்வதும், குழாய்கள் சற்று விறைப்பதும் பல ஆய்வுகளில் அளந்து காட்டப்பட்டவை. இதை நாளுக்கு நூறு தரம், 16 வயதிலிருந்து 50 வயதுவரை செய்தால் என்ன ஆகும்? வேப் கடைகளுக்கு வந்து ஏறத்தாழ 20 ஆண்டுகள்தான். இருதய நோய் வெளியே தெரிய முப்பது, நாற்பது ஆண்டுகள் எடுக்கும். அதுவரை முடிவுக்குக் காத்திருக்கும் சோதனைக்கூடமாக உங்கள் உடலை ஏன் கொடுக்கவேண்டும்?

இன்னொன்று, அடிமைத்தனம். வளர்ந்துகொண்டிருக்கும் மூளை நிக்கோட்டினுக்கு விரைவில் பழகிவிடும். காலையில் கண் விழித்ததும் தலையணைக்கடியில் கை தேடினால், பாடசாலையில் இரண்டு பாடம் முடியுமுன் கழிவறைக்கு ஓடவேண்டியிருந்தால், அது இனி “சும்மா ஒரு ஃபிளேவர்” அல்ல.

கடை வைத்திருப்போருக்கும் ஒரு சொல். நம் சபையில் கடைக்காரர் பலர். இங்கிலாந்தில் 18 வயதுக்குக் குறைந்தவருக்கு நிக்கோட்டின் வேப் விற்பது சட்டவிரோதம். ஒருமுறை பாவித்து எறியும் வேப்களை விற்பது 2025 ஜூன் 1 முதல் பிரித்தானியா முழுவதும் தடை. திரவத்தில் நிக்கோட்டின் மில்லிலீட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. நம் கடை மேசையில் வந்து நிற்கிற பிள்ளை, இன்னொரு வீட்டின் பிள்ளை. வயதைக் கேளுங்கள்.

முழுதாக மாற, பிறகு முழுதாக விட

புகைப்பவர்களுக்கு நான் மருந்தக மேசையில் சொல்வது இவைதான்.

1. நாள் குறியுங்கள். அந்த நாளிலிருந்து ஒரு சிகரெட்டும் இல்லை. “அவசரத்துக்கு ஒண்டு” என்று காரில் பெட்டி வைக்காதீர்கள்.

2. தனியே போராடாதீர்கள். உள்ளூர் புகைநிறுத்தச் சேவை இலவசம். உங்கள் ஜீ.பீ.யிடமோ மருந்தகத்திலோ கேட்டால் வழி காட்டுவார்கள். ஆளின் துணையோடு முயல்பவருக்கு, தனியே முயல்பவரைவிட மூன்று மடங்குவரை வெற்றி வாய்ப்புக் கூடும் என்று என்.எச்.எஸ். சொல்கிறது.

3. வேப் மட்டுமே வழியல்ல. பட்டி, சுவிங்கம் உண்டு. வைத்தியர் எழுதித்தரும் மாத்திரைகளும் உண்டு. வேப்பைத் தேர்ந்தால், சட்டப்படி விற்கப்படுவதை மட்டும், நம்பகமான கடையில் வாங்குங்கள்.

4. சிகரெட்டின் நினைவு போனபின் நிக்கோட்டின் அளவைப் படிப்படியாகக் குறையுங்கள். இழுப்புகளுக்கு இடையே நேரத்தைக் கூட்டுங்கள். அவசரப்பட்டு, திரும்பச் சிகரெட்டுக்குப் போய்விடாதீர்கள். ஆனால் முடிவு நாள் ஒன்று மனதில் இருக்கட்டும்.

5. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவரோ, இருதய மருந்து எடுப்பவரோ மாறுமுன் வைத்தியரிடம் சொல்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். நெஞ்சில் அழுத்தும் வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் “வாயு” என்று சோடா குடித்துக்கொண்டு இருக்காமல் 999ஐ அழையுங்கள்.

உற்சாகத்துக்கு ஒரு கணக்கு: கடைசிச் சிகரெட்டுக்கு 20 நிமிடத்தின் பின் நாடித்துடிப்பு இறங்கத் தொடங்குகிறது. 48 மணிநேரத்தில் காபன் மொனொக்சைட் உடலைவிட்டு நீங்கிவிடுகிறது. ஒரு வருடத்தில் மாரடைப்பு ஆபத்து, தொடர்ந்து புகைப்பவருடையதில் பாதியாகிறது.

மண்டபத்தின் பின்பக்கம்

ஞாயிறு ஆராதனை முடிந்து நாம் தேநீரும் ரோல்ஸுமாகக் கதைத்துக்கொண்டிருக்கும்போது, மண்டபத்தின் பின்பக்கம் குப்பைத் தொட்டிகளுக்கு அருகே சிலர் நிற்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு மூலையில் பெரியவர்கள். இன்னொரு மூலையில், மாம்பழ வாசத்தோடு பிள்ளைகள். ஒருவரை ஒருவர் காணாததுபோல் நடிப்பார்கள்.

சரீரம் ஆலயம் என்று நாம் கற்பிக்கிறோம். அது சரி. ஆனால் அந்தச் சொல்லைத் தடியாக ஓங்கும்போது மனிதர் திருந்துவதில்லை. பின்பக்கம் போய் ஒளிக்கிறார்கள். ஒளிக்கிறவர் உதவி கேட்கமாட்டார்.

பெற்றோரே, பிள்ளையின் பையில் வேப் கிடைத்தால் அன்றிரவே வழக்கு விசாரணை வேண்டாம். “எப்ப தொடங்கினது? விட நினைச்சாலும் ஏலாமல் இருக்கா?” என்று கேளுங்கள். பிள்ளைக்கும் இந்த உதவிகள் உண்டு, ஜீ.பீ.யிடம் கூட்டிக்கொண்டு போகலாம். அப்பா வேப் இழுப்பவராக இருந்தால், “நான் ஏன் இதைத் தொடங்கினேன், எப்போது விடப்போகிறேன்” என்று பிள்ளையிடம் உண்மையைச் சொல்லட்டும். பிள்ளை நம்புவது அதைத்தான்.

ஐக்கியத்தில் சுற்றிவந்த அந்த பிஸ்கட் டின் இனி தேநீர் மேசையின் ஓரத்தில் இருக்கும். போதகரிடம் அனுமதி கேட்டுவிட்டேன். கேள்வியை எழுதிப் போடுங்கள், பெயர் வேண்டாம். பதில் இந்தப் பக்கங்களில் வரும். பெயரோடு கதைக்க விரும்பினால், நான் ஒவ்வொரு ஞாயிறும் அந்த மேசைக்குப் பக்கத்தில்தான் நிற்பேன்.